உப்புக் காற்றுக்கு ஒரு பெட்டி

கோடையில் அனுமந்தைக்குக் கடல்காற்று ஏறுவது உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால். அதுவரை தார்ச்சாலை அனல் கக்கும். காற்று வந்ததும் ஊரே ஜன்னலைத் திறந்துவிடும். நான் மட்டும் என் ஸ்டுடியோவின் கிழக்கு ஜன்னலைச் சாத்துவேன். ஆல்பம் வாங்க வந்தவர்கள், இவனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்ப்பார்கள். உள்ளே கணினியில் யாருடைய கல்யாண வீடியோவோ ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும். அந்தக் காற்று உடம்புக்கு எவ்வளவு இதமோ, அந்த இயந்திரத்துக்கு அவ்வளவு ஆகாது. அது உப்பைச் சுமந்து வருகிற காற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு சுங்கச்சாவடி, அவ்வளவுதான். மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகும் வழியில் வரும். கிழக்கே குப்பமும் கடலும். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். மேற்கே, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் ஏதோ ஓர் உவர்த்தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் வரும். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். தை, மாசியில் பாத்தி மிதித்துத் தொடங்கினால், மழை இறங்கி அளம் முழுகும்வரை அவருக்கு வேறு உலகம் கிடையாது. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கேமராவைத் தூக்கியவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரை ஓடிப் படம் பிடித்து, இரவில் உட்கார்ந்து எடிட் பண்ணிக் கொடுப்பேன்.

முதலில் வைத்திருந்தது, ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பழைய கணினி. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மேலே உட்கார்ந்திருக்கும் அந்தக் காலத்து கேபினெட். பின்பக்கம் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. பக்கவாட்டுத் தகட்டில் வட்டமாகத் துளைகள். 2019 சித்திரையில், முகூர்த்த நெருக்கடியில், அது நின்றுவிட்டது. மதர்போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ராம் செருகும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் பஞ்சும் தூசியும் சேர்ந்து அடையாக ஒட்டியிருந்தது. அந்த அடை ஈரமாக இருந்ததுதான் எனக்குப் புரியவில்லை. வெளியே அத்தனை வெயில். உள்ளே பல மணி நேரம் சூட்டில் ஓடிய இயந்திரம். ஈரம் எங்கிருந்து வந்தது?

அப்பா அதைக் கையில் வாங்கி, அந்த அடையை விரலால் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். "இது சோத்துக்குப் போடுற உப்பு மட்டும் இல்லடா. கசக்குது. கடைசித் தண்ணியும் கலந்திருக்குது" என்றார்.

அவர் சொன்னது உப்பளத்துப் பாடம். கடல் தண்ணீரைப் பாத்தியில் காயவிட்டால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி மிதவையை விட்டு அளப்பார்கள். 25 டிகிரி போமேயில் உப்பு இறங்கத் தொடங்கும். 30-ஐ எட்டுவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் மெக்னீசியம் சேர்ந்து சரக்கு கசக்கும். மூட்டையிலும் கசிந்துகொண்டே இருக்கும். பாத்தியில் நிற்கிறவர்கள் இப்படிக் கவனித்துப் பிரிக்கிறார்கள். அலையிலிருந்து நுண்துளியாக எழும்பிக் காற்றில் வரும் உப்பில் எல்லாமே கலந்துதான் வருகிறது.

பிறகு புத்தகத்தில் தேடிப் படித்தபோது அப்பாவின் நாக்கு சொன்னதற்கு எண்கள் கிடைத்தன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். எங்கள் கரையில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியானால் கேபினெட்டுக்குள் படிகிற உப்புத்தூசி கோடையிலும் காயாது. அது மெல்லிய ஈரப்படலமாகச் செம்பின்மீதும் இரும்பின்மீதும் உட்கார்ந்திருக்கும், மின்சாரத்தையும் கடத்தும். ஆக, புதிய கணினிக்குப் பெட்டி தேடும்போது நான் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாகப் பிரிந்தது. சூடு எப்படி வெளியே போகும் என்பது ஒன்று. அதற்காக எவ்வளவு காற்றை உள்ளே விடப்போகிறோம் என்பது இன்னொன்று.

கடலோரமாக வரிசையாக இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் உண்டு. ஒரு பொரிப்பகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த அண்ணனிடம் கேட்டேன். அவர் பதில் ஒரே வரியில் வந்தது: "இறுக மூடிடு தம்பி. ரப்பர் வச்சு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டுடு. என் பேனலெல்லாம் அப்படித்தான் நிக்குது." ரிலேயும் சுவிட்சும் உள்ள பேனலுக்கு அது சரியான வழி, அவற்றில் பிறக்கும் சூடு தகட்டின் வழியாகவே போய்விடும். வீடியோ எடிட் பண்ணும் கணினிக்கு அது நடக்காது. நான் திட்டமிட்டிருந்தது அப்போது நடுத்தர விலையில் நன்றாக ஓடிய ரைசன் 5 2600 பிராசசரும் ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டும். பிராசசர் 65 வாட், கார்டு 75 வாட். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். வீணாக்குவது எல்லாம் சேர்த்தால் முழு வேலையில் 200 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மூடிய டப்பாவுக்குள் 200 வாட் பிறந்தால் சீக்கிரமே பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் அணைந்துவிடும்.

ஏ.சி. போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ஏ.சி. சூட்டையும் குறைக்கும், ஈரத்தையும் பிழிந்து வெளியே விடும். மாதாமாதம் வரும் கரண்ட் பில்லைத் தாங்கும் நிலையில் அன்று கடை இல்லை. கேபினெட்டுக்கு என்று ஒதுக்க முடிந்தது மூவாயிரம் ரூபாய்.

ஃபேன் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் நிதானமாக யோசித்துக்கொண்டேன். நமக்கு விசிறினால் வியர்வை காய்கிறது. காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உப்பளத்துப் பாத்தியும் அப்படித்தான் காற்றுக்கு ஏங்குகிறது. கணினிச் சில்லில் காய்வதற்கு ஒன்றுமில்லை. அது தன் சூட்டைப் பக்கத்தில் போகும் காற்றிடம் ஒப்படைக்க மட்டும்தான் முடியும். அக்னி நட்சத்திரத்தில் என் அறை 36 டிகிரி என்றால், பெட்டியில் ஆறு ஃபேன் மாட்டினாலும் உள்ளே 36-க்குக் கீழ் இறங்காது. உள்ளே நுழையும் காற்று பத்து டிகிரி மட்டும் ஏறி வெளியே போனால் போதும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 200 வாட்டுக்கு நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று வேண்டியிருந்தது. நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று தடையில்லாத இடத்தில் அதைவிடக் கூடுதலாகவே தள்ளும். வலையும் ஃபில்டரும் குறுக்கே வந்தால் பாதியாகும் என்றாலும் இரண்டு ஃபேன் தாராளம்.

அந்த ஒரு கன மீட்டரை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். என் ஸ்டுடியோ பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. ஏறக்குறைய 28 கன மீட்டர். அரை மணிக்கு ஒரு முறை அறையின் காற்று முழுவதும் அந்தப் பெட்டிக்குள் புகுந்து வெளியேறுகிறது. எட்டு மணி நேரம் ரெண்டர் ஓடினால் 480 கன மீட்டர் கடல்காற்று. ஃபேனை இரண்டு மடங்காக்கினால் சூடு சில டிகிரிதான் குறையும்; உள்ளே வரும் உப்பு இரண்டு மடங்காகும். தேவைக்கு மேல் ஒரு ஃபேன்கூட வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

சென்னை போனேன். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும், கம்ப்யூட்டர் சாமான் வாங்குகிற யாருக்கும் தெரிந்த இடம். சந்துக்குள் சந்தாகக் கடைகள். படியேறினால் மேலேயும் கடைகள். அந்த வருடம் கண்ணாடி மோகம் உச்சத்தில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு எரியும் மூன்று ஃபேன், விலை என் மூவாயிரத்துக்குள். "மூணு ஃபேன் கூடவே வருது தம்பி, ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். போட்டுக் காட்டச் சொன்னேன். சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்து இடுக்கில் வைத்தேன். டிக்கெட் அசைந்தது, ஒட்டவில்லை. மூன்று ஃபேனும் ஒரு விரற்கடை இடுக்கு வழியாகத்தான் மூச்சு வாங்கின. பக்கத்தில் இருந்த வலை முகப்புப் பெட்டியில் ஒரே ஒரு ஃபேன். அங்கே டிக்கெட் பச்சென்று ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு ஒவ்வொரு கடையிலும் அந்த டிக்கெட்தான் என் அளவுகோல். கடைக்காரர்கள் யாரும் தடுக்கவில்லை. ஒருவர் தானும் வாங்கி வைத்துப் பார்த்தார்.

வண்ண விளக்கு ஃபேன்களில் இன்னொரு குறையும் உண்டு. மலிவுப் பெட்டிகளோடு வருபவற்றில் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் மோலக்ஸ் இணைப்புதான் இருக்கும். போட்டால் முழு வேகம், இல்லையென்றால் நிற்கும். எனக்கு வேண்டியது நான்கு ஊசி இணைப்பு. அதில் மதர்போர்டே சூட்டைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். கிளிப்பை வெறுமனே ஓட்டிப் பார்க்கும்போது ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். ரெண்டர் கொடுக்கும்போது வேகம் பிடிக்கட்டும். உப்பை இழுக்கும் அளவு அப்படித்தான் குறையும்.

அடுத்தது ஃபில்டர். முன்வலைக்குப் பின்னால் நைலான் ஃபில்டர் இருக்க வேண்டும், அது ஸ்குரூ கழற்றாமல் கையோடு வர வேண்டும். கழுவ ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கிற ஃபில்டரை யாரும் கழுவ மாட்டார்கள். நைலான் வலை உப்பு நுண்துளியை நிறுத்திவிடும் என்று நான் நம்பவில்லை. அதன் கண்கள் அவ்வளவு சிறியவை அல்ல. ஆனால் பஞ்சையும் மண்ணையும் அது நிறுத்தும். பஞ்சில்லாத ஹீட்சிங்கில் உப்பு தங்க இடம் குறைவு. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள வைத்தால் பெட்டிக்குள் காற்றழுத்தம் ஒரு பொடி கூடுதலாக நிற்கும். அப்போது இடுக்குகளிலெல்லாம் காற்று வெளியேதான் கசியும். ஃபில்டர் இல்லாத ஓட்டை வழியாகத் தூசி நுழையாது. ஃபில்டர் கையிலிருந்தும் வெளியே தள்ளும் ஃபேனை மட்டும் கூட்டி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பெட்டி கிடைத்த ஓட்டையிலெல்லாம் தூசியை உறிஞ்சும்.

தகட்டைப் பார்ப்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. பழைய கேபினெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், துரு எங்கே தொடங்கியிருக்கிறது என்று காட்டினார். பெயின்ட் உள்ள பரப்பில் எதுவும் இல்லை. கார்டு செருகுவதற்காக உடைத்து எடுத்த பட்டைகளின் விளிம்பில்தான் துரு. மலிவுப் பெட்டிகளில் பின்பக்கத்துப் பட்டைகள் தகட்டோடு ஒட்டியே வரும். முறித்து எடுத்தால் உள்ளிரும்பு வெளியே தெரியும், அங்கே துத்தநாகப் பூச்சும் கிடையாது பெயின்டும் கிடையாது. "வெட்டுன வாயில தாண்டா பிடிக்கும்" என்றார். காரைக்குடியில் 1948-ல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்துத் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உப்புக்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபம் என்ற கடலோர ஊரில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்துச் சோதிக்கிறது. என்னிடம் இருந்த சோதனைச்சாலை அப்பாவின் கண். ஸ்குரூவில் கழற்றி மாட்டும் பட்டைகள் உள்ள பெட்டி என் விலைக்குக் கிடைக்கவில்லை. முறிக்கும் பட்டை உள்ளதையே வாங்கி, முறித்த விளிம்புக்கு ஊரில் கேட் அடிக்கிறவரிடம் பிரைமர் வாங்கி இரண்டு கை பூசினேன்.

வாங்கியது கறுப்பு நிறத்தில், எந்த அலங்காரமும் இல்லாத பெட்டி. வலை முகப்பு, எஸ்.எம்.பி.எஸ். கீழே, பக்கத்தில் அக்ரிலிக். பின்னால் ஒரு ஃபேனோடு வந்தது. முன்னால் மாட்ட நான்கு ஊசி ஃபேன் இரண்டு தனியாக வாங்கினேன். மேல்தகட்டிலும் ஃபேன் மாட்டத் துளைகள் இருந்தன. சூடு மேலே போகும் என்பதால் அங்கே ஃபேன் போடச் சொல்வார்கள். 200 வாட்டுக்கு அது தேவையில்லை. இயந்திரம் அணைந்திருக்கும் நேரத்தில் அந்தத் துளை வழியாகத் தூசி நேராக மதர்போர்டில் இறங்கும். பழைய ஃபிளக்ஸ் பேனரில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கமாக ஒட்டிவிட்டேன்.

ஊருக்கு வந்து வைத்த இடமும் முக்கியம். தரையில் வைக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். அடியிலிருந்து காற்று இழுப்பது. தரையில் வைத்தால் துடைப்பத்தின் தூசியெல்லாம் அதற்குத்தான். மர ஸ்டூல்மேல் வைத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, முகப்பை மேற்கு வாசல் பக்கம் திருப்பினேன். கிழக்கு ஜன்னலைச் சாத்தும் பழக்கம் அப்போது வந்ததுதான். நீளமான ரெண்டரிலும் பிராசசர் 80 டிகிரிக்குள் நின்றது. கார்டு அதற்கும் கீழே. சூட்டைப் பற்றி அதற்குப் பிறகு நான் கவலைப்படவில்லை.

கவலை ஐப்பசியில் வந்தது. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் சுவரெல்லாம் வியர்க்கும். முகூர்த்தம் குறைந்து, கணினி நாள் கணக்கில் அணைந்தே கிடக்கும். ஓடுகிற இயந்திரத்தை விடச் சும்மா கிடக்கிற இயந்திரத்தைத்தான் உப்பு தின்கிறது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று பெட்டிக்குள் 40 டிகிரிக்கு ஏறினால் அதன் ஈரப்பதம் 50-க்குக் கீழே இறங்கிவிடும். சாதாரண உப்பாவது அந்த நேரத்தில் காய்ந்து கிடக்கும். அதனால் வேலை இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரம் பழைய வீடியோ எதையாவது ரெண்டருக்குப் போட்டுவிடுவேன். அம்மாவுக்கு அது வீண் கரண்டாகப்பட்டது. பழைய மதர்போர்டின் பச்சையைக் காட்டியதும் ஒன்றும் சொல்லவில்லை.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணம் பக்கம்தான் கரையேறியது. பகலிலேயே கணினியை வீட்டுக்குத் தூக்கி வந்து, கட்டிலுக்கு மேல் பெஞ்சு போட்டு ஏற்றி, தார்ப்பாய் சுற்றிவிட்டோம். இரவு முழுக்க யாரும் தூங்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் உடனே போட்டுவிடவில்லை. பக்கத் தகட்டைத் திறந்து, இணைப்புகளையெல்லாம் பிடுங்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைத்து, ஒரு நாள் டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்த பிறகுதான் சுவிட்சைத் தொட்டேன். ஓடியது.

ஃபில்டர் கழுவுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் போர்த் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் வலைக் கண்ணில் வெள்ளையாக உப்பு பூக்கும். போர்த் தண்ணீரில் அழுக்கு போக அலசிவிட்டு, கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீர் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். கடற்கரையில் வடித்த தண்ணீருக்கு உள்ள மதிப்பு ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு எளிதில் தெரியாது.

போன வருடம் கூனிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். புதுச்சேரியில் அனிமேஷன் படிக்கிறாள். "அண்ணா, கேபினெட்டுக்கு நாலாயிரம்தான் இருக்குது. எது வாங்கட்டும்?" என்று கேட்டாள். என் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிய பெட்டி. பிரைமர் பூசிய விளிம்பில் ஒரே இடத்தில் மட்டும் செம்புள்ளி. பஸ் டிக்கெட் வித்தையையும் சொல்லி அனுப்பினேன். அவள் வாங்கி வந்தது வேறு மாதிரி: முன்னால் 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, பட்டைகள் எல்லாம் ஸ்குரூவில். என் காலத்தில் மூவாயிரத்துக்குக் கிடைக்காத வசதி இப்போது நாலாயிரத்துக்கு வருகிறது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளுகிறது, சத்தமும் இல்லை. அவள் கார்டு என்னுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாட் இழுப்பது. கோடை மதியத்தில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், சூடு கட்டுக்குள் இருந்தது. ஒன்று மட்டும் மாற்றச் சொன்னேன். மேல்தகட்டு ஃபேனை அவள் வெளியே தள்ளும்படி மாட்டியிருந்தாள். அதைக் கழற்றி முன்னால் சேர்த்துவிட்டு மேல்துளையை அடைத்தோம். என் பெட்டியின் முகப்பிலும் 140 ஏறுமா என்று அன்றைக்கு இரவு அளந்து பார்த்தேன். துளை பொருந்துகிறது, வலைச் சட்டத்தை மட்டும் கொஞ்சம் அரத்தால் ராவ வேண்டும். ராவிய இடத்துக்குப் பிரைமர் டப்பாவில் இன்னும் மிச்சம் இருக்கிறது.